பொம்முட்டி 1 முதல் 24 வரை

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியது அல்ல, என்னிடம் சொல்லப்பட்டது. சொன்னவள் நான் வேலை பார்த்த கம்பெனியில் எனக்கு இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தாள். இணைய விளையாட்டு நடத்தும் கம்பெனி அது. மாதச் சந்தா கட்டினால் ஒரு கற்பனை நாட்டுக்குள் போய் மரம் வெட்டலாம், மீன் பிடிக்கலாம், சுரங்கம் தோண்டிப் பொற்காசு சேர்க்கலாம். லட்சக்கணக்கானவர்கள் சொந்தக் காசைக் கட்டி அங்கே வெட்டிக்கொண்டும் தோண்டிக்கொண்டும் இருந்தார்கள்.

அவர்களுக்குப் போகும் அறிவிப்புகளை எழுதுவது என் வேலை. நான் நான்கு சிறுகதைத் தொகுப்புகள் போட்டவன். நான்கையும் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம் பேர் படித்திருப்பார்கள், அதில் பாதி உறவுக்காரர்கள். ஆனால் நான் எழுதிய ஆறு வரிக் கடிதம் ஒன்றை மூன்று லட்சம் பேர் படித்திருக்கிறார்கள். "உங்கள் கணக்கு நிரந்தரமாக மூடப்பட்டுள்ளது" என்று அது தொடங்கும். என் எழுத்திலேயே அதிகம் வாசிக்கப்பட்டது அதுதான். அதன் நான்காவது வரியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது. அந்த வரிக்கு வரும்போது சொல்கிறேன்.

அவள் தன் கதையைச் சொல்லி முடித்ததும், இதை எழுதலாமா என்று நான் கேட்டேன். எதிரில் ஒருத்தி அழுதுகொண்டிருக்கும்போது கேட்கிற கேள்வியா அது? ஆனாலும் கேட்டேன். எழுத்தாளர்களை வீட்டுக்குள் விடுவதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "எழுதிக்கோங்க ரைட்டர் சார். ஆனா என்னை நல்லவளா மாத்திடாதீங்க."

அந்த ஒரு நிபந்தனைதான் என்னை ஏழு மாதம் அலைக்கழித்தது.

2

தூக்கிப் போட்ட தொடக்கங்களை இங்கேயே வைத்துவிடுகிறேன். ஒளித்து வைப்பானேன்?

"சிறு வயதிலிருந்தே அவள் எறும்பைக்கூட மிதிக்காதவள்..." (இதற்கு மேல் எழுதவில்லை. அவள் எறும்பை மிதித்தாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது.)

"அன்று மாலை மழை வலுத்திருந்தது. கண்ணாடிச் சன்னலில் வழியும் நீரைப் பார்த்தபடி அவள் தன் விதியை..." (மழை பெய்யவில்லை. அவள் மேசைக்குப் பக்கத்தில் சன்னலும் இல்லை. இருந்தது ஒரு தண்ணீர்க் கேன்.)

"நேர்மைக்கும் பாசத்துக்கும் நடுவே சிக்கித் தவித்த ஒரு பெண்ணின்..." (இது பொய். அவள் இரண்டுக்கும் நடுவே சிக்கவில்லை. இரண்டையும் விட்டுவிட்டாள். அதனால்தான் இது கதை.)

மூன்றையும் அடித்த பிறகுதான் புரிந்தது: ஒவ்வொரு தொடக்கத்திலும் அவளுக்கு ஒரு சப்பைக்கட்டு தைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்குத் தைத்தால் மிச்சத் துணியில் எனக்கும் ஒன்று கிடைக்குமே என்ற நப்பாசை.

ஆகவே அவள் பார்த்த வேலையிலிருந்தே தொடங்குகிறேன்.

3

ஆபீஸில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். பாட்களைச் சலித்து எடுப்பவள். பாட் என்றால் ஆள் இல்லாமல் தானாக விளையாடும் நிரல். ஒருவர் பத்து இருபது கணக்குத் தொடங்கி, எல்லாவற்றையும் நிரலிடம் ஒப்படைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடலாம். நிரல் இருபத்திரண்டு மணி நேரம் சலிக்காமல் சுரங்கம் தோண்டும். சேரும் பொற்காசை, தோண்டப் பொறுமை இல்லாத ஆட்டக்காரர்களுக்கு வெளியே நிஜக் காசுக்கு விற்கலாம். கையால் தோண்டுகிறவர்களுக்கு இது வயிற்றெரிச்சல். ஆளே இல்லாத காட்டில் நான் மட்டும் எதற்கு மரம் வெட்ட வேண்டும் என்று சந்தாவை நிறுத்திவிட்டுப் போவார்கள்.

சல்லடை அதில் கெட்டிக்காரி. மனிதன் என்றால் வழி தவற வேண்டும் என்பாள். போகிற போக்கில் நின்று எதையாவது வேடிக்கை பார்க்க வேண்டும். போன் அடித்தால் பாதியில் விட்டுவிட்டு ஓட வேண்டும். பாட் வழி தவறாது. அதே பாறை, அதே திருப்பம், எண்ணி வைத்த மாதிரி அதே காலடி. ஒரு கணக்கின் பத்து நிமிட நடையைப் பார்த்தால் போதும், உள்ளே ஆள் இருக்கிறாரா இல்லையா என்று அவள் சொல்லிவிடுவாள்.

(இங்கே நான் எழுதிய அறிவிப்பு எதிலும் இல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். பாட்களும் சந்தா கட்டும். ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டும்.)

அதனால் சல்லடையின் பட்டியல் இரண்டாகப் பிரியும். திருட்டு கார்டில் சந்தா கட்டிய பாட்களை அன்றைக்கே வெட்டிவிடுவார்கள், அதாவது கணக்கை மூடிவிடுவார்கள், ஏனென்றால் கார்டைப் பறிகொடுத்தவர் புகார் செய்தால் வங்கி காசைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ளும். சொந்த கார்டில் ஒழுங்காகக் கட்டும் பாட்களை விட்டு வைப்பார்கள். வருவாய்ப் பிரிவின் தலைவர் எதற்கெடுத்தாலும் "நிதானமா செய்யலாம்" என்பார், அவருக்குப் பெயரே நிதானம். உடனுக்குடன் வெட்டினால் எதை வைத்துப் பிடித்தோம் என்று நிரல் எழுதுகிறவன் தெரிந்துகொண்டு மாற்றிவிடுவான், மொத்தமாகச் சேர்த்து ஒரே நாளில் வெட்டினால் அவனுக்குக் குழப்பம் என்பது அவர் வாதம். அது உண்மையும்கூட. முழுப் பொய்யாக இருந்திருந்தால் எங்களில் யாராவது ஒருவர் எதிர்த்துப் பேசியிருப்பார். பாதி உண்மையாக இருந்ததால் எல்லோரும் தலையாட்டினோம். அந்த வெட்டு நாள் எப்போதும் சந்தா புதுப்பிக்கிற தேதிக்கு மறு வாரத்தில் வருவதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

4

ஒரு மீட்டிங். ஆறு பேர், நீள மேசை, குளிர்ச்சாதனம் அதிகம். புதிதாக வருடச் சந்தா கொண்டுவரலாம் என்று நிதானம் சொன்னார். பன்னிரண்டு மாதத்துக்குச் சேர்த்துக் கட்டினால் மூன்று மாதம் தள்ளுபடி. யார் வாங்குவார்கள் என்று கேள்வி வந்தது. சாதாரண ஆட்டக்காரர் அடுத்த மாதம் விளையாடுவோமா என்பதே தெரியாதவர், அவர் வருடத்துக்குக் கட்டுவாரா?

சல்லடை அன்றைக்குப் பேச வேண்டிய அவசியமே இல்லை. அவளை யாரும் கேட்கவும் இல்லை. சும்மா, சிரிப்புக்காகச் சொன்னாள்: "பாட் வெச்சிருக்கறவங்கதான் முதல்ல வாங்குவாங்க. அவங்களுக்குத்தான் வருஷம் முழுக்க லீவே இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நிதானம் மட்டும் சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் வருடச் சந்தா வந்தது. வேண்டாம் என்றால் பதினைந்து நாளுக்குள் திருப்பலாம், அதற்குப் பிறகு காசு வராது. பதினாறாம் நாள் வெட்டு நாள் என்று உள்ளுக்குள் சுற்றறிக்கை வந்தது. யாரும் யாருக்கும் எதையும் விளக்கவில்லை. சல்லடை அந்தச் சுற்றறிக்கையை இரண்டு தடவை படித்ததாகச் சொன்னாள். முதல் தடவை படித்தபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்ததாம், தான் சொன்னது எடுபட்டதே என்று. "அதையும் எழுதுங்க" என்றாள்.

5

வெட்டு நாளுக்கு ஆறு நாள் முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை, பட்டியல் அவள் திரைக்கு வந்தது. பல்லாயிரம் கணக்குகள். கண்ணால் பார்க்க முடியாது. பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போய், பக்கத்துக்கு ஒரு டிக் போட வேண்டும். 'மனிதர் பார்த்தார்' என்பதற்கான டிக் அது.

டீயைக் குடித்துக்கொண்டே தள்ளிக்கொண்டு போனவள் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டாள். ஒரே கார்டில் இருபத்து நான்கு கணக்குகள். எல்லாமே வருடச் சந்தா. பெயர்கள்: பொம்முட்டி 1, பொம்முட்டி 2, பொம்முட்டி 3... இருபத்து நான்கு வரை.

பொம்முட்டி என்பது அவள்தான். மூன்று வயதில் பொம்மைக்குட்டி என்று சொல்ல வராமல் அவள் சொன்ன சொல் அது. அப்படியே அவள் மேல் ஒட்டிக்கொண்டது. உலகத்திலேயே ஒரே ஒருத்திதான் அந்தப் பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிடுவாள், அவளைவிடப் பத்து வயது மூத்த அக்கா. (உண்மையான செல்லப்பெயர் இதுவல்ல. மாற்றியிருக்கிறேன். நான் மாற்றிய ஒரே விஷயம் இதுதான்.)

கார்டில் இருந்தது அக்காவின் பெயர்.

அவளுக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன் லாரியில் மூட்டை ஏற்றும்போது அத்தான் விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டார். படுக்கையில் கிடக்கிறவருக்குப் பொழுது போகட்டும் என்று, ஊழியர்களுக்குத் தரும் இலவச நுழைவு ஒன்றை இவள்தான் கொடுத்தாள். கொடுத்ததோடு மறந்தும் போனாள். அந்த ஒன்று இருபத்து நான்காகக் குட்டி போட்டு இப்போது அவள் முன்னால் வரிசையில் நின்றது. ஆக, அக்கா வீட்டில் இரண்டு வருடமாக அடுப்பு எரிவது எப்படி என்பதும் விளங்கிவிட்டது. வாரம் தவறாமல் போய் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தவளுக்கு அதை ஒரு தடவைகூடக் கேட்கத் தோன்றவில்லை.

அந்தப் பக்கத்துக்கு டிக் போடாமல் கணினியை மூடிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

6

(அவளுக்கு முன் மூன்று வழி இருந்தது. அக்காவிடம் சொல்லியிருக்கலாம். ஆபீஸில், இவர்கள் என் உறவு, வேறு யாராவது பாருங்கள் என்று ஒதுங்கியிருக்கலாம். யாருக்கும் தெரியாமல் இருபத்து நான்கையும் பட்டியலிலிருந்து எடுத்திருக்கலாம். முதலாவது பாசம், இரண்டாவது நேர்மை, மூன்றாவது திருட்டு. மூன்றில் எதைச் செய்திருந்தாலும் எனக்கு எழுதச் சுலபமாக இருந்திருக்கும்.)

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனாள். இரண்டாவது மாடி, இரண்டு அறை. அத்தான் இடுப்புப் பட்டையோடு கதவைத் திறந்து, பெரிய அதிகாரி வந்திருக்காங்க என்று உள்ளே குரல் கொடுத்தார். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அக்காவுக்குத் தங்கையின் வேலையில் அவ்வளவு பெருமை. பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரியிடம்கூடச் சொல்லுவாள். சல்லடைக்கு அது எப்போதும் கூச்சம். அன்றைக்கு எரிச்சல்.

பின் அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே துணி காயுது என்றார் அத்தான், கேட்காமலே. கதவின் அடியிலிருந்து வெதுவெதுப்பான காற்று வந்து அவள் கால்விரலில் பட்டது. கூடவே ஒரு ரீங்காரம். எத்தனை கணினிகளின் விசிறி அது என்று அவளால் ஏறக்குறைய எண்ணிச் சொல்லியிருக்க முடியும்.

முகம் கழுவிவிட்டு வந்தவளுக்கு அக்கா ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தாள். சூடாக இருந்தது. "எவ்வளவு மழைன்னாலும் ஒரு மணி நேரத்துல..." என்று சொல்ல வந்த அக்கா, பாதியிலேயே நிறுத்திக்கொண்டு டீ போடப் போனாள்.

டீயை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து, மேசை விரிப்பின் சுருக்கத்தை நீவிக்கொண்டே அக்கா கேட்டாள். குரலில் ஒரு அலட்சியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டாள். அது அவளுக்கு வராது.

"உங்க ஆபீஸ்ல வருஷச் சந்தான்னு ஒண்ணு போட்டிருக்கீங்களாமே. எங்க மருந்துக்கடைக்கு வர்ற ஒருத்தர் கேட்டார். வாங்கிட்டாராம். வெச்சுக்கலாமா, இல்ல திருப்பிடலாமான்னு."

திருப்புவதற்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

சல்லடை டீயை ஊதினாள். அத்தான் கதவருகே நின்று, கேட்காதவர் போலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நல்லதுதான்க்கா. வெச்சுக்கச் சொல்லு."

அக்காவின் முகம் தெளிந்தது. ரெண்டு பிஸ்கட் எடுத்துக்கோ என்றாள்.

7

இந்த இடத்தில் ஒரு மாதம் நின்றேன். ஏன் சொன்னாள்? பயத்தில் சொன்னாள் என்று எழுதினேன். திருப்பினால் பதிவில் தெரியும், இருபத்து நான்கும் ஒரே நேரத்தில் திரும்பினால் யார் துப்புக் கொடுத்தது என்று தேடுவார்கள், அக்கா பெயரிலிருந்து தன் பெயருக்கு வர எவ்வளவு நேரமாகும், வேலை போகும். எழுதியதை அவளிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, பயமும் இருந்தது என்றாள். பிறகு சொன்னாள்:

"எனக்கு அன்னைக்கு அவ மேல கோபம் சார். என்கிட்டயே நடிக்கிறாளேன்னு. மருந்துக்கடைக்கு ஒருத்தர் வந்தாராம். சரி, நல்லா மாட்டிக்கட்டும்னு தோணிச்சு. ஒரு நிமிஷம்தான். அந்த ஒரு நிமிஷத்துலதான் சொன்னேன்."

நான் அந்தப் பத்தியில் பயத்தை வைத்துக்கொண்டு கோபத்தை எடுத்துவிடலாமா என்று பார்த்தேன். பயந்தவளை வாசகர் மன்னித்துவிடுவார். கோபப்பட்டவளை...

(வாக்கியத்தை முடிக்கவில்லை. நீங்கள் மன்னிப்பீர்களா மாட்டீர்களா என்பது எனக்குத் தெரியாது.)

8

திங்கட்கிழமை அவள் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். வழக்கம்போல ஒரே டிக்கில் கடந்து போயிருக்கலாம். போக முடியவில்லை. இருபத்து நான்கையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். 2 முதல் 24 வரை சந்தேகமே இல்லை, அதே பாறை, அதே திருப்பம்.

பொம்முட்டி 1 மட்டும் வேறு மாதிரி இருந்தது. அது தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் வரும். சுரங்கத்துக்குப் போகாது. வழி தவறும். கடற்கரையில் ஒரு படகுத்துறை உண்டு, அங்கே போய் ஒன்றும் செய்யாமல் நிற்கும். யாராவது எதிரே வந்தால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி, சாப்பிட்டாச்சா என்று கேட்கும். அக்கா தன் கையால் விளையாடியது அது. கடையில் ஒரு வேளை நின்று, வீட்டுக்கு வந்து சமைத்து, அத்தானுக்கு மருந்து தேய்த்துவிட்டு, அவளுக்கென்று கிடைத்த ஒரு மணி நேரம்.

உரையாடல்களைப் படிப்பதும் சல்லடையின் வேலையில் சேர்த்தி. ஒரு நாள் படகுத்துறையில் முன்பின் தெரியாத ஒருவரிடம் அக்கா தட்டியிருந்தாள்: 'இந்தக் கடலை என் தங்கச்சி ஆபீஸ்லதான் செஞ்சாங்க. அவ அங்க பெரிய வேலையில இருக்கா.'

ஒரே கார்டு என்றால் எல்லாக் கணக்கும் போக வேண்டும் என்பது விதி. விதியை மீறி ஒன்றை மட்டும் விட்டால் காரணம் எழுத வேண்டும். அவள் எழுதவில்லை. டிக் போட்டாள்.

பிறகு கழிப்பறைக்குப் போய் வெகுநேரம் கை கழுவிக்கொண்டிருந்தாளாம். (இது நாடகத்தனமாக இருக்கிறது, எடுத்துவிடலாமா என்று கேட்டேன். மை ஒட்டியிருந்தது சார், பேனா கசிஞ்சிடுச்சு என்றாள். ஆகவே இருக்கட்டும்.)

9

வியாழக்கிழமை காலை வெட்டினார்கள். என் கடிதம் பல்லாயிரம் பேருக்குப் போனது. நேர்மையான ஆட்டக்காரர்கள் கொண்டாடினார்கள். பாதிப் பாட்கள் அடுத்த மாதமே புதுக் கணக்கு, புதுச் சந்தாவோடு திரும்பி வந்தன. வெட்டினாலும் வரவு, வெட்டாவிட்டாலும் வரவு. நிதானம் எங்கள் எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தார். நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

இப்போது அந்த நான்காவது வரி. கடிதம் ரொம்ப வறட்டுத்தனமாக இருக்கிறது, கொஞ்சம் ஈரம் வேண்டும் என்று நிதானம் கேட்டபோது நான் சேர்த்தது அது: "ஒவ்வொரு கணக்கையும் ஒரு மனிதர் தனித்தனியாகப் பார்த்த பிறகே இம்முடிவை எடுத்துள்ளோம்." சுத்தப் பொய். பக்கத்துக்கு ஒரு டிக் என்று எனக்குத் தெரியும். எழுதிவிட்டு, வாக்கியம் நன்றாக விழுந்திருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். மூன்று லட்சம் கடிதங்களில் அந்த வரி உண்மையாக இருந்தது இருபத்து நான்கில் மட்டும்.

மத்தியானம் அக்கா போன் செய்தாள். சல்லடை மாடிப்படிக்குப் போய் எடுத்தாள். அக்கா முதலில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். மருந்துக்கடைக்கு யாரும் வரவில்லை, நாங்கள்தான் வாங்கினோம், உன்னிடம் மறைத்தது தப்பு, உன் வேலைக்கு ஏதும் கெடுதல் வந்துவிடக் கூடாது என்றுதான் சொல்லவில்லை என்றாள். அத்தான் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார் என்றாள். அழவில்லை. பிறகு என் கடிதத்தை ஒரு வரி விடாமல் தங்கைக்குப் படித்துக் காட்டினாள். நான்காவது வரியில் நின்றாள்.

"ஒரு மனிதர் பார்த்துன்னு போட்டிருக்கே, பொம்முட்டி. மத்தது போகட்டும், அது தப்புதான். அந்த முதல் ஒண்ணு நான் கையால ஆடினது. பார்த்தவங்களுக்கு அது தெரிஞ்சிருக்கும். அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் புரிஞ்சுக்குவாங்க. அது யாருன்னு உனக்குத் தெரியுமாடி?"

"தெரியாதுக்கா."

"விசாரிச்சுச் சொல்றியா?"

"சொல்றேன்."

10

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். கணினிகளை வந்த விலைக்கு விற்றார்கள். அத்தானுக்கு ஒரு வாகன நிறுத்தத்தில் உட்கார்ந்து சீட்டுக் கிழிக்கும் வேலை கிடைத்தது. மதியத்துக்கு மேல் உட்கார முடிவதில்லை, ஆனாலும் போகிறார். அக்கா மருந்துக்கடையில் இரண்டு வேளையும் நிற்கிறாள். துணி இப்போது நடையில்தான் காய்கிறது, மழை என்றால் மூன்று நாள். சல்லடை ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது சாக்குச் சொல்லிவிடுகிறாள்.

அக்கா கோபப்படவில்லை. போனில் பேசும்போதெல்லாம் கடைசியில், விசாரிச்சியா என்பாள். ஐந்து மாதம் கேட்டாள். ஐந்தாம் மாதம் ஒரு நாள், அதே மாடிப்படியில் உட்கார்ந்து சல்லடை என்னிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஏன் என்னிடம்? கடிதத்தை எழுதியவன் நான் என்பதால் இருக்கலாம். தப்பில் பங்கு உள்ளவனிடம் பேசுவது கொஞ்சம் சுலபம்.

(அந்த மாதம்தான் என் ஒப்பந்தம் முடிந்தது. முகத்தில் அடித்தாற்போல நாலு வார்த்தை கேட்டுவிட்டு வெளியேறினேன் என்று எழுத ஆசை. அவர்கள் புதுப்பிக்கவில்லை, அவ்வளவுதான்.)

11

முடிவுகள்.

ஒன்று. அவள் அக்காவிடம் சொல்லிவிடுகிறாள். அக்கா கட்டிக்கொண்டு அழுகிறாள். இதை எழுதியபோது எனக்கே கண் கலங்கியது. மறுநாள் கிழித்துவிட்டேன். அக்கா மன்னித்தால் வாசகர் மன்னிப்பார், அந்த நெரிசலில் நானும் உள்ளே நுழைந்துவிடுவேன்.

இரண்டு. அக்காவுக்கு எல்லாம் முன்பே தெரியும். தெரிந்துதான் ஒவ்வொரு முறையும் விசாரிச்சியா என்று கேட்கிறாள். நண்பர்கள் எல்லோருக்கும் இது பிடித்திருந்தது. ஆனால் அக்காவுக்குத் தெரியாது. தெரிந்ததாக எழுதினால் பாரத்தைத் தூக்கி அவள் தலையில் வைத்தமாதிரி ஆகும். ஏற்கெனவே அவள் நாள் முழுக்க நின்றுகொண்டிருக்கிறாள்.

மூன்று. சல்லடை பொம்முட்டி 1-ஐத் திரும்பத் திறந்துவிடுகிறாள். இதில் பாதி நடந்தது. அந்த அதிகாரம் அவளுக்கு உண்டு. ஒரு நாள் திரையைத் திறந்து, காரணம் என்ற கட்டத்தில் 'மனிதர் விளையாடியது' என்று தட்டினாள். அடுத்த கட்டம், முன்பு பரிசீலித்தவர் யார். அதை அவள் தட்ட வேண்டியதே இல்லை. அவள் பெயர் ஏற்கெனவே அங்கே இருந்தது. மூடிவிட்டாள்.

நான்காவதாக ஒன்று இருந்தது. சொல்ல வாய் வராது, நீங்களே ஒரு கடிதமாக எழுதிக் கொடுங்கள் என்று அவள் கேட்டாள். உட்கார்ந்தேன். "மிகுந்த வருத்தத்துடன் தெரிவிப்பது என்னவென்றால்" என்று வந்தது. அடித்தேன். "நடந்தவற்றைக் கவனமாகப் பரிசீலித்த பிறகு" என்று வந்தது. என் கைக்கு அந்த நடைதான் பழகியிருந்தது. ஒரு தங்கை அக்காவுக்கு எழுதும் ஒரே ஒரு வரிகூட எனக்கு வரவில்லை. அவளிடம் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. கதையாக எழுதி முடிக்கிறேன், அது போதுமா என்று மட்டும் கேட்டேன்.

12

எழுதி முடித்தேன். ஒரு பத்திரிகை எடுத்துக்கொண்டது. அச்சாகும் தேதியைச் சொன்னார்கள். நான் அவளைக் கூப்பிட்டு, வேண்டாம் என்றால் இப்போதும் நிறுத்திவிடலாம் என்றேன். நிறுத்தச் சொல்லிவிடுவாளோ என்று பயந்துகொண்டே சொன்னேன். என் லட்சணம் அது.

அக்கா பத்திரிகை படிப்பாள் என்றாள் அவள். கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் ஒரு பக்கம் விடாமல் படிப்பாளாம். செல்லப்பெயரைத்தான் மாற்றியிருக்கிறேனே என்றேன். மருந்துக்கடையும் துணியும் இடுப்பும் இருக்கே சார், அவளுக்கு மூணு வரி போதும் என்றாள்.

பிறகு சொன்னாள்: "போடுங்க. எனக்கு ஒரு தேதி வேணும். அதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்."

"சொல்லலைன்னா?"

"சொல்லலைன்னா நீங்க சொன்னதா ஆயிடும். அது இன்னும் அசிங்கம்."

அச்சுக்குப் போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினோரு மணிக்கு அவள் போன் வந்தது. அக்கா வீட்டுத் தெருவுக்கு ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிட்டாளாம். நடந்துகொண்டே பேசுகிறாள், வண்டிச் சத்தம் கேட்டது. எப்படி ஆரம்பிக்கறது என்று கேட்டாள். கதைக்கு மூன்று தொடக்கம் எழுதிக் கிழித்தவனிடம் கேட்கிறாள். எனக்குத் தெரியலைம்மா என்றேன். இந்தக் கதையில் நான் பேசிய ஒரே நேர்மையான வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

கொஞ்ச தூரம் இருவரும் நடந்தோம், அவள் அங்கே, நான் என் அறையில்.

"மாடியில நிக்கறா" என்றாள் திடீரென்று. "துணி உதறிட்டு இருக்கா. என்னைப் பார்த்துட்டா. கையாட்டறா சார். வெச்சிடறேன்."

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

எனக்குத் தெரிந்தது அதுவரைக்கும்தான். படியேறினாளா, பாதியில் திரும்பினாளா, டீயை ஊதிக்கொண்டே வேறு எதையாவது பேசிவிட்டு வந்தாளா என்று நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள். நான் திரும்பக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் அதையும் எழுதியிருப்பேன்.